பூஜ்யம் இரண்டு மூன்று மூன்று

போன மாதம் ஒரு காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கவிதா போன் செய்தாள். கும்பகோணத்தில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள் நான். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்.

"அக்கா, புது லேப்டாப் வந்திருக்கு. நீங்க எழுதிக் குடுத்த நம்பர் ஒண்ணுகூட இதுல வேலை செய்யல."

"வலது பக்கம் தனியா நம்பர் கட்டம் இருக்கா?"

"இல்லக்கா."

"அப்ப செய்யாது. மேல் வரிசை எண்ணை அடிச்சா அது சும்மா இருக்கும்."

வேறு வழி சொன்னேன். கண்ட்ரோலையும் ஒற்றை மேற்கோள் குறியையும் சேர்த்து அழுத்தி விட்டுவிட்டு, பிறகு e அடித்தால் வேர்டில் é வரும். அவள் அடித்துப் பார்த்துவிட்டு வந்துவிட்டது என்றாள். "இதெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சிடுங்கக்கா. உங்களுக்கப்புறம் யாருக்குத் தெரியும்?" என்றாள். நான் இன்னும் போய்ச் சேரவில்லை என்று ஞாபகப்படுத்திவிட்டு, சரி எழுதுகிறேன் என்றேன்.

எழுத உட்கார்ந்தால் எண்கள் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டன. அந்தத் தாளைத் தனியாக அவளுக்கு அனுப்பிவிட்டேன். எண்களைத் தவிரவும் அவளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அது இது.

எனக்கு பிரெஞ்சு தெரியாது. முப்பது வருடம் அடித்த பிறகும் தெரியாது என்றுதான் சொல்வேன். பாபநாசத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஆங்கிலம் லோயர், ஹையர், தமிழ் லோயர் மூன்றும் முடித்தேன். கல்யாணமாகி, குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வேலை தேடினேன். பித்தளைப் பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் ஆள் வேண்டும் என்றார்கள். காலை டவுன் பஸ்ஸில் போய், சாயந்திரம் டவுன் பஸ்ஸில் திரும்புவேன். கீழே பாத்திரம் தட்டும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. கடை விடுமுறை நாளில்தான் எனக்கு வேலை ஓடாது.

அலுவலகம் என்றால் அருளப்பன் சாரும் நானும்தான். சார் காரைக்கால்காரர். அங்கே ஒரு பழைய அலுவலகத்தில் எழுத்தராக இருந்துவிட்டு வந்தவர். பிரெஞ்சு பேசும் நாடுகளில் பிள்ளைகளோ புருஷனோ இருக்கிற குடும்பங்கள் எங்களிடம் வரும். பிறப்பு, கல்யாணம், சாவு, உறவு இவற்றுக்கான தாள்களைச் சார் கையால் மொழிபெயர்ப்பார், நான் அடிப்பேன், அவர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைப்பார்.

சாருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பதில் ஒரு சிவப்புப் பென்சில் வைத்திருந்தார். அடித்த தாளில் பிழை இருந்தால் அந்த வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, தாளை என் பக்கம் தள்ளிவிடுவார். வரியில் எங்கே என்று சொல்ல மாட்டார். நானே தேட வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். வாயைத் திறந்து சொன்னால் என்ன முத்தா உதிர்ந்துவிடும் என்று நினைத்துக்கொள்வேன். மேஜைக்குக் காபி வரக்கூடாது என்பது இன்னொரு சட்டம். கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு காபிக்கு மாடிப்படி இறங்கிப் போய், பாத்திரக் கடை வாசலில் நின்று குடித்துவிட்டு வருவோம்.

முதல் நாளே அவர் எனக்கு எழுத்துகளைக் காட்டினார். "மொழி உங்களுக்கு வேண்டாம். படிச்சதை அடிக்காதீங்க, பார்த்ததை அடிங்க" என்றார். எழுத்தின் தலையில் இருக்கும் கோடுகளுக்கு நாங்கள் இரண்டு பேரும் பெயர் வைத்துக்கொண்டோம். é வலக்குச்சி. è இடக்குச்சி. ê கூரை. ç வால். அதன் உண்மையான பெயர்களைச் சார் ஒருமுறை சொன்னார். எங்கள் பெயர்களே வேலைக்குப் போதுமானதாக இருந்தன.

டைப்ரைட்டர் காலத்தில் e-ஐ மட்டும் அடித்துவிட்டு, தாளை வெளியே எடுத்ததும் மெல்லிய பேனாவால் குச்சி போடுவேன். கம்ப்யூட்டர் வந்ததும் பேனா போய் எண் வந்தது. ஆல்ட் விசையை இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது பக்கக் கட்டத்தில் பூஜ்யம் இரண்டு மூன்று மூன்று அடித்துவிட்டு ஆல்ட்டை விட்டால் வலக்குச்சி. கடைசி எண் இரண்டானால் இடக்குச்சி, நான்கானால் கூரை. பெரிய எழுத்து வலக்குச்சிக்கு பூஜ்யம் இரண்டு பூஜ்யம் ஒன்று. ஒரு பக்கத்தில் அறுபது எழுபது இடம் வரும். என் மகளின் பிறந்தநாளை ஒரு வருடம் மறந்திருக்கிறேன். இந்த எண்களை மறந்ததில்லை.

அடித்து முடித்ததும் சரிபார்ப்பது. இதைத்தான் கவிதா கவனமாகப் படிக்க வேண்டும். அடித்தவர் கையில் மூலம் இருக்கக்கூடாது. சார் மூலத்தை வைத்துக்கொள்வார், நான் என் தாளை வைத்துக்கொண்டு வரி வரியாக, சொற்களை விட்டுவிட்டு, குச்சிகளை மட்டும் வாசிப்பேன். "முதல் வரி. வலக்குச்சி, வலக்குச்சி, வால். இரண்டாவது வரி. கூரை, இடக்குச்சி." அவர் "ம்" என்பார். பிறகு எண்கள். ஒவ்வொன்றாக, தனித்தனியாக. பன்னிரண்டு என்று சொல்லக்கூடாது, ஒன்று இரண்டு என்று சொல்ல வேண்டும். கேட்கிறவர்களுக்கு எங்களுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று தோன்றும். அடித்தவள் மூலத்தைப் பார்த்தால், தான் அடித்ததையே அங்கேயும் பார்ப்பாள். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தது நினைவிருக்கிறது. பையன் வெளிநாட்டில் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான். அவன் அனுப்பிய படிவத்தை இவர் ஊரில் ஒரு பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து வந்திருந்தார். குச்சி வைத்த எழுத்து இருந்த இடமெல்லாம் கேள்விக்குறியாக அச்சாகியிருந்தது. "நடவு வேலையை விட்டுட்டு வந்திருக்கேங்க. இத்தனை கேள்வி கேட்டிருக்கானுங்க, எதுக்குன்னு பதில் சொல்றது?" என்றார். சார் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இனி என் குறுக்கு வழி. பிரெஞ்சு டைப்ரைட்டரில் எண் வரிசையில் எண்கள் மேலே இருக்கும், ஷிப்ட் அழுத்தினால்தான் வரும் என்று சார் ஒருமுறை சொன்னார். சும்மா அழுத்தினால் இரண்டில் வலக்குச்சி, ஏழில் இடக்குச்சி, ஒன்பதில் வால் வருமாம். கேட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அடிக்கும்போது é வரவேண்டிய இடத்தில் 2 என்றும், è வரவேண்டிய இடத்தில் 7 என்றும் அடித்துக்கொண்டே போய்விடலாம். கடைசியில் கம்ப்யூட்டரிடம், இரண்டு எல்லாவற்றையும் வலக்குச்சியாக மாற்று, ஏழு எல்லாவற்றையும் இடக்குச்சியாக மாற்று என்று சொன்னால் ஒரு நொடியில் மாற்றிவிடும். வேலை பாதியாகக் குறைந்தது. ஒரே ஒரு நிபந்தனைதான். தாளில் உண்மையான எண்களை அதற்கு முன் அடிக்கக்கூடாது. அவற்றுக்கு இடம் விட்டு வைத்து, மாற்றி முடித்த பிறகு நிரப்ப வேண்டும். சாரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எண் கடைசியில. மறந்துடாதீங்க" என்றார். நான்கு வருடம் மறக்கவில்லை.

அஞ்சலை வந்தது இருபது வருடங்களுக்கும் முன்னால். கடற்கரைக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மீன் ஏலத்தில் எடுத்து, கூடையில் கொண்டுபோய் விற்கிறவர். அவருடைய வீட்டுக்காரர் கலியபெருமாள் வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல் ஒன்றில் வேலைக்குப் போயிருந்தார். எல்லை தாண்டி மீன் பிடித்ததாகச் சொல்லி மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் கப்பலைப் பிடித்துவிட்டார்கள். முதலாளி கைகழுவிவிட்டான். வேலைக்காரர்களை அவரவர் குடும்பம் மனுப் போட்டால் ஊருக்கு அனுப்புவோம் என்று அந்த ஊர் கோர்ட் சொல்லியிருந்தது. அங்கே இருந்த ஒரு வக்கீல் எல்லாருக்கும் சேர்த்து ஆஜராவார். மனு பிரெஞ்சில் இருக்க வேண்டும்.

"மாமியாருக்கு ஒடம்பு முடியலங்க. கஞ்சிதான் எறங்குது. மவன் மொகத்தைப் பாத்துட்டுப் போயிடணும்னு அதுவே பேச்சா கெடக்குங்க" என்றார் அஞ்சலை. அழவில்லை. செய்தி சொல்வதுபோலச் சொன்னார். கலியபெருமாள்தான் கடைசி மகன். அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவர்.

சார் முற்பகல் முழுக்க மொழிபெயர்த்தார். பிறகு சத்தியப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க அஞ்சலையை நோட்டரியிடம் அழைத்துப்போனார். கூரியர் ஆள் நான்கு மணிக்கு வருவான். நான் அடிக்க ஆரம்பித்தேன். அவசரத்தில், மனு ஓட்டத்தில், எண்களையும் சேர்த்தே அடித்துவிட்டேன். தேதிகள், குடும்ப அட்டை எண், பாஸ்போர்ட் எண் எல்லாம். அடித்துவிட்டு, கை பழக்கத்தில், எல்லாவற்றையும் மாற்று என்று கொடுத்துவிட்டேன்.

திரையில் தேதிகளெல்லாம் குச்சி முளைத்து நின்றன. மாற்றியதை ரத்துசெய்து பின்னால் போக வழி இருந்தது, நேராகப் பின்னால் போயிருக்கலாம். நான் அதைச் செய்யாமல், எனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று ஒவ்வொரு இடமாகக் கையால் திருத்த ஆரம்பித்தேன். வலக்குச்சி இருந்தால் இரண்டு. இடக்குச்சி இருந்தால் ஏழு. மூலத்தைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தேன். அந்தக் காலத்துத் திரையில் அந்தச் சின்ன எழுத்தின் தலையில் கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது சரியாகத் தெரியாது. அது எனக்குத் தெரிந்ததுதான். அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

சார் திரும்பி வந்தபோது மூன்றரை. குச்சிகளை வாசித்தோம். ஒன்றுகூடத் தப்பில்லை. எண்களுக்கு வந்ததும் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கூரியர் ஆள் என்று நினைத்தேன்.

"நம்பர் நான் பார்த்துட்டேன் சார்" என்றேன்.

சார் என்னை ஒரு கணம் பார்த்தார். முத்திரை வைத்தார். வந்தது கூரியர் ஆள் இல்லை, கீழ்க் கடைப் பையன், சாருக்குப் போன் வந்திருக்கிறது என்று சொல்ல வந்தவன். கூரியர் ஆள் அன்றைக்கு நான்கரைக்குத்தான் வந்தான். எண்களை மூன்று தடவை வாசிக்க நேரம் இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து வக்கீலிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. மற்ற எல்லாருக்கும் உத்தரவு ஆகிவிட்டது. கலியபெருமாளின் மனுவில் இருக்கும் பாஸ்போர்ட் எண்ணில் தங்கள் பட்டியலில் ஆளே இல்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. பெயரைக் கப்பல் பட்டியலில் அவரவர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார்கள். எண்ணைத்தான் நம்பினார்கள். அடுத்த அமர்வு ஐந்து வாரம் கழித்து.

சார் மூலத்தையும் என் தாளின் நகலையும் எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். சிவப்புப் பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார். தாளை என் பக்கம் தள்ளினார். நான் தேடவில்லை. ஏழு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தது.

"கோர்ட்டுக்குப் பிழை எங்க ஆபீஸ்லன்னு நான் எழுதிடுறேன். அந்த அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டாம் நாள் அஞ்சலை வந்தார். கூட இருந்தவர்களின் வீட்டுக்கெல்லாம் தகவல் வந்துவிட்டது, எங்களுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டார். சார் தன் மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். "கோர்ட்ல தள்ளிப் போட்டுட்டாங்கம்மா. அடுத்த தடவை ஆயிடும்" என்றேன். பொய் இல்லை. அதனால்தான் அது இன்னும் மோசம். சாரின் பேனா நின்றது, பிறகு மறுபடி ஓடியது. புள்ளி வைத்த தாளை என் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

மூன்றாவது வாரம் மாமியார் இறந்துவிட்டார். மூத்த மகன்தான் கொள்ளி வைத்தாராம். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வேறு வேலையாக வந்தபோது சொல்லிவிட்டுப் போனார். நான் அன்றைக்குக் காபி குடிக்கக் கீழே போகவில்லை. வீட்டுக்கு வந்து சமைத்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். தூக்கம் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த அமர்வில் உத்தரவு ஆனது. கலியபெருமாள் வந்துசேர்ந்த பத்தாம் நாள் புருஷனும் பெண்டாட்டியுமாக மாடி ஏறி வந்தார்கள். அவர் இளைத்துப்போய், தலை மொட்டையடித்து இருந்தார். அஞ்சலை கையில் ஒரு மஞ்சப்பை. அதில் நெத்திலிக் கருவாடு. என் மேஜையில் வைத்தார்.

"நீங்க மட்டும் இல்லன்னா இவரு இன்னும் அங்கதான் கெடப்பாரு. வீட்டுக்குக் கொண்டுபோங்கம்மா."

சார் எழுதுவதை நிறுத்திவிட்டார். நிமிரவில்லை. நான் இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்து வெளியே வைத்தேன். சொன்னேன். ஏழுக்குப் பதில் இரண்டு அடித்தது, வாசிக்காமலே பார்த்துவிட்டேன் என்று சொன்னது, கோர்ட் தள்ளிப்போட்டது என்று மூடி மறைத்தது எல்லாம். "அதனாலதான் அஞ்சு வாரம் தாமதம். இல்லன்னா உங்க அம்மா இருக்கும்போதே வந்திருப்பீங்க" என்று கலியபெருமாளிடம் சொன்னேன்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அஞ்சலைதான் தாளை எடுத்தார். சிவப்புப் புள்ளி இருந்த வரியில் விரலை வைத்து, எண்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இதுவா?"

"அதுதான்."

தாளை மேஜையில் வைத்தார். மஞ்சப்பையை எடுத்துக்கொண்டார். "வாங்க போவோம்" என்று புருஷனிடம் சொன்னார். படி இறங்கும் சத்தம் கேட்டது. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வெட்கமாகவும் இருந்தது, பாரம் இறங்கியது போலவும் இருந்தது. சார் எழுந்து, "காபி சாப்பிட்டுட்டு வரலாம் வாங்க" என்றார்.

அந்தக் குறுக்கு வழியை அன்றோடு விட்டேன். கடைசி நாள்வரை ஒவ்வொரு குச்சிக்கும் நான்கு எண் அடித்தேன். கவிதா என்னைப் பார்த்துச் சிரித்ததுண்டு. காரணம் அவளுக்கு இப்போதுதான் தெரியும்.

ஒரு வருடம் கழித்து அஞ்சலை மறுபடி வந்தார். தனியாக. கப்பல் முதலாளியின் மேல் மற்றவர்கள் போட்டிருந்த வழக்கில் கலியபெருமாளும் சேர வேண்டியிருந்தது. வேறு எங்கேயும் போகாமல் ஏன் இங்கே வந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இருப்பதாக நினைக்கவில்லை. சார் மொழிபெயர்த்தார், நான் அடித்தேன். குச்சிகளை வாசித்து முடித்தோம். எண்களுக்கு இடம் விட்டு வைத்திருந்தேன். அவற்றைச் சொல்லச் சார் மூலத்தைப் புரட்டினார்.

"அதைக் குடுங்கய்யா" என்றார் அஞ்சலை.

சார் அவரைப் பார்த்தார்.

"எனக்கு அந்த பாசை தெரியாது. நம்பரு தெரியும். தெனம் ஏலத்துல நிக்கிறவ நான். இத்தனை வருசத்துல ஒரு நம்பரை மாத்திக் கேட்டதில்ல."

சார் தாளைக் கொடுத்துவிட்டு, தன் நாற்காலியையும் அவருக்கு இழுத்துப்போட்டார். அஞ்சலை உட்காரவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று பாஸ்போர்ட் எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தார். நான் ஒவ்வொன்றாக அடித்தேன். அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் யாருடைய தாளோ அவரே எண்ணை வாசிக்க வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. கவிதா, நீ அதை அலுவலக விதி என்று நினைத்திருப்பாய். விதி போட்டவர் அஞ்சலை.

மற்ற எண்களையெல்லாம் தாளிலிருந்து வாசித்துவிட்டு அவர் திரையைப் பார்த்தார். ஏழு வந்தபோது மட்டும் என் விரலைப் பார்த்தார்.